டேவ் கிளார்க் ஃபைவ் ஆவணப்படம்: எது நிஜம், எது ஊதிப் பெருக்கியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 ஏப்ரல் 8 அன்று அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், தன் ‘கிரேட் பெர்ஃபார்மன்சஸ்’ வரிசையில் 2 மணி நேர ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. பெயர் ‘தி டேவ் கிளார்க் ஃபைவ் அண்ட் பியாண்ட்: கிளாட் ஆல் ஓவர்’. 1960களின் நடுவில் இரண்டு, இரண்டரை ஆண்டு கொடிகட்டிப் பறந்து, பிறகு பெரும்பாலோர் மறந்துபோன லண்டன் ராக் குழு ஒன்றின் கதை. படத்தைப் பார்த்தவர்கள், ‘இவ்வளவு பெரிய ஆட்களா இவர்கள்? நமக்கு எப்படித் தெரியாமல் போனது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் அதை ஒட்டி வருபவற்றுக்கும் இங்கே பதில்.

இந்தக் குழுவில் யார் யார்?

வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் பகுதிக்காரர்கள் ஐந்து பேர். டேவ் கிளார்க் ட்ரம்ஸ், மைக் ஸ்மித் பாட்டும் ஆர்கனும், லென்னி டேவிட்சன் கிட்டார், ரிக் ஹக்ஸ்லி பேஸ், டெனிஸ் பேட்டன் சாக்ஸஃபோன். டாட்டன்ஹாம் ராயல் என்ற நடன அரங்கில் ஆடுபவர்களுக்காக வாசித்து வளர்ந்தவர்கள். 1970இல் கலைந்தார்கள்.

முன்னணிப் பாடகர் மைக் ஸ்மித். குழுவின் பெயரோ ட்ரம்ஸ் தட்டியவருடையது. மேடையில் ட்ரம்ஸை முன்வரிசைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேலாளர், தயாரிப்பாளர், பதிவுகளின் உரிமையாளர் எல்லாமே டேவ் கிளார்க்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஆவணப்படத்தில் பாதி விஷயம் புரிந்துவிடும்.

படம் என்ன சொல்ல வருகிறது? அதில் என்ன தவறு?

பீட்டில்ஸுக்குச் சரிசமமான போட்டியாளர்கள் இவர்கள்தான், ராக் இசையின் போக்கை மாற்றியவர்களில் இவர்களும் முன்வரிசை. படம் விட்டுச்செல்லும் எண்ணம் இதுதான். படம் அப்பட்டமாகப் பொய் சொல்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நிஜமான வெற்றிகளை எடுத்துக்கொண்டு, அவற்றை அளக்கும் கோலை மட்டும் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. காலைக் காட்சி மட்டும் ஓட்டிவிட்டு ‘வெற்றிகரமான 100வது நாள்’ என்று போஸ்டர் ஒட்டுவது நமக்குப் பழக்கம்தானே. 100 நாள் பொய் இல்லை. எத்தனை தியேட்டர், எத்தனை காட்சி என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

புகழ் வேறு, தாக்கம் வேறு. 1964இல் அமெரிக்காவில் இவர்களுக்கு இருந்த புகழ் மறுக்க முடியாதது. பின்னால் வந்தவர்கள் பாட்டு எழுதும் விதத்தை, பதிவுசெய்யும் விதத்தை, ஆல்பம் அமைக்கும் விதத்தை மாற்றினார்களா என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கான சான்றுகளை வரிசையாக அடுக்கி, இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று நகர்ந்துவிடுகிறது படம்.

பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1964 ஜனவரி நடுவில் பிரிட்டிஷ் தரவரிசையில் ‘ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாடலை இறக்கிவிட்டு இவர்களுடைய ‘கிளாட் ஆல் ஓவர்’ முதலிடத்துக்கு வந்தது. ‘டாட்டன்ஹாம் சவுண்ட்’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டி, பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலின் இசைக் கதை முடிந்தது என்ற ரீதியில் எழுதித் தள்ளின.

ஆனால் அந்த பீட்டில்ஸ் பாட்டு அதற்குள் 5 வாரம் முதலிடத்தில் இருந்துவிட்டது. எந்த ஹிட்டும் இறங்கும் நேரம் அது. ‘கிளாட் ஆல் ஓவர்’ நின்றது 2 வாரம். அதை இறக்கியவர்கள் தி சர்ச்சர்ஸ், அதே லிவர்பூல் குழு. பிரிட்டனில் டேவ் கிளார்க் ஃபைவ் அதற்குப் பிறகு முதலிடம் பிடிக்கவே இல்லை. அடுத்த சிங்கிள் (தனிப் பாட்டாக விற்கும் சிறிய இசைத்தட்டு) ‘பிட்ஸ் அண்ட் பீசஸ்’ 2வது இடம், அதற்கடுத்தது 10. பிறகு 1965 நடு வரை வந்தவை வரிசையாக 26, 25, 37, 24, 16 என்று போயின.

அமெரிக்காவில் ‘தொடர்ந்து 15 பாடல்கள் டாப் 20இல்’ என்கிறார்களே?

குழுவைப் பற்றிய விளம்பரக் குறிப்புகளில் அடிக்கடி காணும் வரி இது. நீங்களே எண்ணிப் பார்க்கலாம். எபிக் ரெக்கார்டு நிறுவனம் வெளியிட்ட சிங்கிள்கள், அமெரிக்காவின் வாராந்தரத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் எட்டிய உச்ச இடங்கள், வெளியான வரிசையில்:

கிளாட் ஆல் ஓவர் 6, பிட்ஸ் அண்ட் பீசஸ் 4, டு யூ லவ் மீ 11, காண்ட் யூ சீ தட் ஷீஸ் மைன் 4, பிகாஸ் 3, எவ்ரிபடி நோஸ் 15, எனி வே யூ வாண்ட் இட் 14, கம் ஹோம் 14, ரீலின் அண்ட் ராக்கின் 23, ஐ லைக் இட் லைக் தட் 7, கேட்ச் அஸ் இஃப் யூ கேன் 4, ஓவர் அண்ட் ஓவர் 1, அட் தி சீன் 18, ட்ரை டூ ஹார்ட் 12, ப்ளீஸ் டெல் மீ வொய் 28.

முதல் எட்டும் டாப் 20. ஒன்பதாவது 23இல் நின்று சங்கிலி அறுகிறது. அடுத்து ஐந்து மறுபடி உள்ளே. 1966 நடுவில் 28. ஆக, பில்போர்டு கணக்கில் டாப் 20 சிங்கிள்கள் அந்தக் காலத்தில் 13. ‘தொடர்ந்து 15’ தேறாது. ‘டாப் 40இல் 17’ என்ற இன்னொரு கணக்கு சரியானது. அதுவே சாதாரண எண் அல்ல. அதை விட்டுவிட்டு ஏன் 15க்குப் போக வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவில் பில்போர்டு மட்டும் அல்ல, கேஷ் பாக்ஸ், ரெக்கார்டு வேர்ல்டு போன்ற பட்டியல்களும் இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தப் பட்டியலில் இடம் மேலே இருக்கிறதோ அதை எடுத்துக் கோத்தால் எந்தக் குழுவுக்கும் அழகான மாலை கட்டலாம். ‘தொடர்ந்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் எந்தப் பட்டியல் என்று கேளுங்கள்.

எண்ணும்போது தடுக்கும் கல் ஒன்றும் உண்டு. ‘எவ்ரிபடி நோஸ்’ என்ற பெயரில் இந்தக் குழுவுக்கு இரண்டு வெவ்வேறு பாடல்கள் இருக்கின்றன. 1964இல் வந்தது அமெரிக்காவில் 15, பிரிட்டனில் 37. 1967இல் வந்தது லெஸ் ரீட், பேரி மேசன் எழுதி லென்னி டேவிட்சன் பாடியது. பிரிட்டனில் 2வது இடம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட பட்டியல்கள் இணையத்தில் உலவுகின்றன.

அப்படியானால் பீட்டில்ஸோடு ஒப்பிடவே கூடாதா?

ஒப்பிடலாம், எண்களை வைத்து. 1964 ஏப்ரல் 4 பில்போர்டில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸ். அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் அவர்களுக்கு 6 முதலிடங்கள். டேவ் கிளார்க் ஃபைவுக்கு மொத்தமே ஒன்று: 1965 டிசம்பர் 25 வாரத்தில் ‘ஓவர் அண்ட் ஓவர்’. அதுவும் ஒரு வாரம், அதுவும் பாபி டே 1958இல் பாடிய பாட்டின் மறுபதிவு. அதே பாட்டு பிரிட்டனில் 45ஐத் தாண்டவில்லை.

நியாயமான ஒப்பீடு என்றால் ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழு. அதே அலையில் வந்து, அதே வயதுப் பிள்ளைகளைக் குறிவைத்து, 1965இல் மட்டும் அமெரிக்காவில் இரண்டு முதலிடம் பிடித்தவர்கள். அவர்களை ராக் வரலாற்றின் தூண் என்று யாரும் 2 மணி நேரம் படம் எடுத்துச் சொல்வதில்லை.

10 கோடி ரெக்கார்டுகள் விற்றன என்பது?

சரிபார்க்க வழியில்லாத எண். 1960களில் விற்பனையை உலக அளவில் தணிக்கை செய்த ஒற்றை அமைப்பு கிடையாது. அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ அப்போது சிங்கிளுக்கு 10 லட்சம் பிரதி என்ற அளவில் தங்கச் சான்று கொடுத்தது. எல்பி எனப்படும் முழு ஆல்பத் தட்டுக்குப் பிரதிக் கணக்கு இல்லை, 10 லட்சம் டாலர் மொத்த விலை மதிப்பு என்ற கணக்கு. பிளாட்டினம் வந்ததே 1976இல். கேட்டு வாங்கினால்தான் சான்று என்பதால் சான்று இல்லாததை வைத்து விற்கவில்லை என்றும் முடிவுகட்ட முடியாது. இதுபோன்ற எண்கள் விளம்பரக் குறிப்பில் பிறந்து, பத்திரிகையில் ஏறி, அங்கிருந்து ஆவணப்படத்துக்கு ‘அனைவரும் அறிந்த உண்மை’யாகத் திரும்பி வருகின்றன. இந்தக் குழுவுக்கு மட்டும் நடந்தது அல்ல இது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் ஷோவில் 18 முறை?

பொதுவாகச் சொல்லப்படும் எண் அது. பிரிட்டிஷ் குழுக்களில் அதிகம் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டதே. முதல் தடவை 1964 மார்ச் 8, பீட்டில்ஸ் வந்துபோன அடுத்த மாதம். ஆனால் சல்லிவன் நிகழ்ச்சி குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை இரவு பார்க்கும் பல்சுவை நிகழ்ச்சி. சுத்தமான கோட்டு, சிரித்த முகம், வம்பு இல்லாத பாட்டு என்று வருபவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அங்கே அதிகம் தோன்றியது தொலைக்காட்சிக்கு ஏற்றவர்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எல்டன் ஜான் எல்லாம் புகழ்கிறார்களே, அது போதாதா?

பேசுபவர்களின் பட்டியல் கண்ணைப் பறிக்கும்: ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டீவன் வான் ஸாண்ட், எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், ஜீன் சிம்மன்ஸ், ஆஸி ஆஸ்போர்ன், பால் மெக்கார்ட்னி. ஒவ்வொருவரும் பேசும்போது பிறந்த ஆண்டைக் கழித்துப் பாருங்கள். 1964 தொடக்கத்தில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு 14, வான் ஸாண்டுக்கு 13, சிம்மன்ஸுக்கு 14, ஆஸ்போர்னுக்கு 15. இசைப் பித்து பிடிக்கும் வயதில் ரேடியோவில் கேட்டதை அறுபது தாண்டிய பிறகு நினைத்து உருகுகிறார்கள். உருக்கம் நிஜம். பதின்மூன்று வயதில் கேட்டது எதுவும் மகத்தானதாகத்தான் இருக்கும்.

நினைவையும் தாக்கத்தையும் பிரிக்க எளிய வழி உண்டு. ‘அந்த ட்ரம்ஸ் சத்தம் எங்களை அடித்துப்போட்டது’ என்பது நினைவு. ‘அந்தப் பாட்டை எங்கள் ஆல்பத்தில் இப்படிப் பயன்படுத்தினோம்’ என்பது தாக்கம். இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, சிம்மன்ஸின் கிஸ் குழு 1977இல் ‘எனி வே யூ வாண்ட் இட்’ பாடலைத் தங்கள் ‘அலைவ் 2’ ஆல்பத்தில் பதிவுசெய்தது. பேனா வைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டாவது வகை வாக்கியங்கள் எத்தனை தேறுகின்றன என்று தெரியும்.

படத்தை எடுத்தது யார்?

எழுதி, தயாரித்து, இயக்கியவர் டேவ் கிளார்க். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் பதில் இது.

அவர் கையில் இருந்தவற்றைப் பாருங்கள். குழுவின் மாஸ்டர் டேப்கள், அதாவது மூல ஒலிப்பதிவுகள், அவருடையவை. 1963 முதல் 1966 வரை பிரிட்டனின் ஐடிவியில் ஓடிய ‘ரெடி ஸ்டெடி கோ’ இசை நிகழ்ச்சியில் எஞ்சிய பதிவுகளின் உரிமையையும் 1980களில் வாங்கினார். அந்தக் காலத்து இசையைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கும் எவருக்கும் பெரிய செலவு பழைய காட்சிகளின் உரிமத் தொகைதான். நொடிக் கணக்கில் காசு. காட்சியும் பாட்டும் சொந்தமாக வைத்திருப்பவரே தயாரிப்பாளர் என்றால் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தலைவலி இல்லை. 1964இல் பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்கத் தரவரிசைகளைப் பிடித்த ‘பிரிட்டிஷ் படையெடுப்பின்’ 50வது ஆண்டு என்ற சாக்கும் 2014இல் கிடைத்தது. பிபிஎஸ் நிலையங்கள் பழைய பாட்டு நிகழ்ச்சிகளைக் காட்டி நேயர்களிடம் நன்கொடை திரட்டுவதும் வழக்கம்.

விலை என்னவென்றால், ‘அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை’ என்று சொல்லும் குரலுக்கு எடிட்டிங் மேசையில் காவலன் இல்லை. தலைப்பில் உள்ள ‘அண்ட் பியாண்ட்’ என்பதையும் கவனியுங்கள். குழு கலைந்த பிறகு கிளார்க் தயாரித்த ‘டைம்’ என்ற 1986 மேடை இசை நாடகம், அதில் கிளிஃப் ரிச்சர்ட், முகமாக மட்டும் தோன்றிய லாரன்ஸ் ஒலிவியே, அதன் ஆல்பத்தில் பாடிய ஃப்ரெடி மெர்க்குரி என்று கதை குழுவை விட்டு ஒருவரைப் பின்தொடர்கிறது. பேட்டன் 2006இலும், மைக் ஸ்மித் 2008இலும், ஹக்ஸ்லி 2013இலும் காலமானார்கள். ஐவரில் மூவர் இல்லாத நிலையில்தான் படம் வெளியானது.

இவ்வளவு ஹிட் கொடுத்தவர்களை ஏன் மறந்தார்கள்? சதியா?

சதி ஏதும் இல்லை. பதிவுச் செலவைத் தானே ஏற்று, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ரெக்கார்டு நிறுவனத்துக்கு வெளியிடும் உரிமத்தை மட்டும் கொடுத்தார் கிளார்க். 1960களில், இருபது சொச்சம் வயதில் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டது அபாரமான கெட்டிக்காரத்தனம். இந்தக் குழுவின் கதையில் உண்மையிலேயே காலத்தை முந்திய விஷயம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

அதே பிடிதான் பாடல்களை முடக்கியது. குழு கலைந்த பின் மறுவெளியீடுகள் அபூர்வம். சிடி 1982இல் சந்தைக்கு வந்தது. இவர்களின் முறையான சிடி தொகுப்பு ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வழியாக அமெரிக்காவில் வந்தது 1993இல், 50 பாடல்களோடு. பழைய பாட்டு ஒலிபரப்பும் ரேடியோ நிலையங்கள் இசைத்தட்டை மூட்டைகட்டிவிட்டு சிடிக்கு மாறிய ஆண்டுகள் இடையில் போய்விட்டன. சிடி இல்லாத பாட்டு ரேடியோவில் ஓடாது. ஓடாத பாட்டைப் புதியவர்கள் கேட்க வழியில்லை. 1965இல் பிறந்தவர் ஒருவர் கடைக்குப் போய் கிங்க்ஸ், ஹோலிஸ் போன்ற அக்காலக் குழுக்களை வாங்க முடிந்தது, இவர்களை வாங்க முடியவில்லை.

ட்ரம்ஸ் வாசித்தது கிளார்க் இல்லை என்கிறார்களே?

லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்த பிரபல ட்ரம்மர் பாபி கிரஹாம், இவர்களின் பதிவுகளில் தானும் வாசித்ததாகச் சொல்லிவந்தார். வாசித்தது தானே என்பது கிளார்க் தரப்பு. ஸ்டுடியோவில் வெளியாளை வைத்து வாசிப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம், யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் ‘ட்ரம்ஸ்தான் இந்தக் குழுவின் உயிர்’ என்று ஒரு படம் சொல்லும்போது, இப்படி ஒரு தகராறு இருப்பதைப் பார்வையாளர் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் பாட்டுகளும் சுமார்தானா?

இல்லவே இல்லை. நல்ல ஹெட்ஃபோனில் ‘கிளாட் ஆல் ஓவர்’ கேளுங்கள். ட்ரம்ஸ் நான்கு அடியும் ஒரே கனத்தில் இறங்கும். சாக்ஸஃபோன் தனி ஆவர்த்தனம் எடுக்காமல் கிட்டாருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு உறுமும். இரண்டையும் பிரித்துக் கேட்பதே சிரமம். லண்டன் லான்ஸ்டவுன் ஸ்டுடியோவில் பதிவுப் பொறியாளர் ஏட்ரியன் கெரிட்ஜ் எல்லாவற்றையும் ஒலியளவின் எல்லை வரை தள்ளி, எதிரொலி சேர்த்துப் பதிவுசெய்தார். மலிவான டிரான்ஸிஸ்டர் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரிலும் மற்றப் பாட்டுகளைவிடச் சத்தமாகக் கேட்கும். அதற்கு மேல் மைக் ஸ்மித்தின் கரகரப்பான, கூரையைத் தொடும் குரல். ‘எனி வே யூ வாண்ட் இட்’ தொடங்கும் முதல் பத்து விநாடி இன்றும் தூக்கிவாரிப்போடும். நேர்மாறாக ‘பிகாஸ்’ மிக மென்மையான மெட்டு.

சிக்கல் 1966க்குப் பிறகு. பீட்டில்ஸும் கிங்க்ஸும் ‘தி ஹூ’ குழுவும் ஆல்பத்தை ஒரே படைப்பாக யோசிக்கத் தொடங்கியபோது இவர்கள் இரண்டரை நிமிட சிங்கிளிலேயே நின்றார்கள். 1967இல் ‘யூ காட் வாட் இட் டேக்ஸ்’ அமெரிக்காவில் 7வது இடம். அதுதான் அங்கே கடைசி டாப் 10.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருக்கிறார்களே?

2008 மார்ச் 10, நியூயார்க். அறிமுகப்படுத்திப் பேசியவர் டாம் ஹாங்க்ஸ். 1964இல் அவருக்கு வயது 7. மைக் ஸ்மித் அதற்கு 11 நாள் முன்பு இறந்துபோனார். அது வாக்கெடுப்பில் கிடைக்கும் கௌரவம். நிறைவேறியதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

படம் சொல்லாமல் விட்ட நல்ல விஷயம் ஏதாவது?

கொஞ்சம் தொட்டாலும் போதிய இடம் கிடைக்காதது, 1965இல் குழு நடித்த ‘கேட்ச் அஸ் இஃப் யூ கேன்’ திரைப்படம். பின்னாளில் ‘டெலிவரன்ஸ்’ எடுத்த ஜான் போர்மனின் முதல் திரைப்படம் அது. பாப் குழு குதித்து விளையாடும் படம் என்று நம்பி உட்கார்ந்தால், விளம்பர உலகம் அலுத்துப்போன இருவர் குளிர்கால இங்கிலாந்தில் அலையும் சோகமான கதை. குழுவினர் நன்றாக நடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. படம் நன்றாக இருக்கிறது.

இன்னொன்று கால்பந்து. தெற்கு லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் ‘கிளாட் ஆல் ஓவர்’ பாட்டைப் பல பத்தாண்டுகளாக மைதானத்தில் பாடுகிறார்கள். தனக்கென்றே கால்பந்து அணி உள்ள டாட்டன்ஹாம் பகுதிப் பையன்களின் பாட்டு எதிர்முகாம் அணிக்குப் போய்ச் சேர்ந்த வேடிக்கை.

இதுபோன்ற எந்த ஆவணப்படத்தையும் எப்படிச் சோதிப்பது?

முதலில் கடைசி டைட்டிலைப் பாருங்கள். தயாரிப்பாளர், இயக்குநர், பாடல் உரிமை, காட்சி உதவி ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே பெயர் அல்லது ஒரே நிறுவனம் வந்தால், அது சுயசரிதை என்று நினைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். பிறகு படத்தில் வரும் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாடு, பட்டியல், ஆண்டு மூன்றையும் நிரப்ப முயலுங்கள். மூன்றில் ஒன்று நிரப்ப முடியாத எண்ணை அடித்துவிடலாம். உச்ச இடத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதே அதிகம் நடக்கும் தவறு. எத்தனை வாரம், அடுத்து யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சொந்த நாட்டில் எப்படி ஓடியது என்று ஒரு பார்வை. கடைசியாக, குழுவின் உச்சம் முடிந்து 5 ஆண்டுக்குப் பிறகு அதன் பாட்டை யார் பாடினார்கள் என்று தேடுங்கள்.

முதன்முறை கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

கிளாட் ஆல் ஓவர், பிட்ஸ் அண்ட் பீசஸ், பிகாஸ், எனி வே யூ வாண்ட் இட், கேட்ச் அஸ் இஃப் யூ கேன், ட்ரை டூ ஹார்ட். இந்த ஆறும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960களின் அமெரிக்க எபிக் எல்பிகளில் ‘ஸ்டீரியோ’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மோனோவையே மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்த போலி. ட்ரம்ஸ் கூழாகக் கேட்கும். அட்டையில் எண்ணைப் பாருங்கள். எல்என் என்று தொடங்கினால் மோனோ, பிஎன் என்று தொடங்கினால் ஸ்டீரியோ. ‘கிளாட் ஆல் ஓவர்’ எல்பி எல்என் 24093 என்றும் பிஎன் 26093 என்றும் இரண்டு விதமாக வந்தது. முதலாவதை வாங்குங்கள்.